சுவாசிக்கத்தக்க தூசியா?

> சுரங்கக் கையேட்டில் ‘ரெஸ்பிரபிள் டஸ்ட்’டுக்குச் ‘சுவாசிக்கத்தக்க தூசி’ என்றே போட்டுவிடலாமே. எதற்கு இத்தனை மண்டையுடைப்பு?

ஐயா, உண்ணத்தக்க காளான் என்றால் பறித்துக் குழம்பு வைக்கிறோம். சுரங்க வாசலில் ‘சுவாசிக்கத்தக்க தூசி’ என்று பலகை மாட்டினால், உள்ளே இறங்குகிறவர் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டல்லவா போவார்?

பெருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும்; கறுப்புச் சளியாகத் துப்பிவிடலாம். ஏறத்தாழ 4 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளதுதான் நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள காற்று நுண்ணறை வரை போய்த் தங்குகிறது. நிலக்கரியானால் கருநுரையீரல் நோய், படிகக்கல்லானால் சிலிக்கோசிஸ். தழும்பேறிய நுரையீரல் பழையபடி ஆவதில்லை. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 2016 முதல் உள்ள கனமீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பும் (முன்பு 2) தூசியின் இந்த நுண்ணிய பகுதிக்குத்தான். அளக்கும் கருவியும் அப்படியே: இடுப்பில் பம்பு, சட்டைக் காலரில் கட்டைவிரல் அளவு சுழற்குழாய். பெருந்தூசி சுழன்று அடியில் விழ, மிச்சம் மட்டும் வடிதாளில் படியும். எடை போடுவது அந்த வடிதாளைத்தான்.

‘நுண்தூசி’ வேண்டாம். நகரக் காற்று மாசுச் செய்திகளில் ‘நுண்துகள்’ ஏற்கெனவே ஓடுகிறது; இரண்டும் குழம்பும். தூசி எதுவரை போகிறது என்பதைப் பெயர் சொல்லட்டும். நாசிபுகு தூசி, மார்புபுகு தூசி, நுண்ணறைபுகு தூசி (இதுதான் ‘ரெஸ்பிரபிள்’) என்று மூன்று படிக்கும் ஒரே அச்சு. (முதலில் ‘அறைபுகு’ என்றுதான் எழுதினேன். வீட்டில் படித்தவர், “ஜன்னலைச் சாத்தினால் போச்சு” என்றார்.)

பெயர் வைப்பதில் தொழிலாளர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். தண்ணீரில்லாமல் பாறையைத் துளைத்த பழைய இயந்திரத்துக்கு அமெரிக்கச் சுரங்கத்தார் வைத்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால் ‘தாலியறுப்பான்’. 1890களின் கடைசியில் லெய்னர் என்பவர் துளைக்கம்பியின் நடுவே புழை வைத்துத் தண்ணீர் விட்டார். தூசி பறக்காமல் சேறாக வழிந்தது. இதற்கு ‘ஈரத்துளைப்பு’ போதும், சண்டை வேண்டாம்.

---

> நுண்ணறைபுகு தூசி

அண்ணை, அச்சு நல்லாயிருக்கு. ஆனால் எங்கட பாடப்புத்தகங்களில அது சிற்றறை. ‘சிற்றறைபுகு தூசி’ எண்டால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் விளங்கும், ஓரெழுத்தும் கூடாது.

---

எழுத்தை எண்ணிப் பார்த்தேன், சரிதான் தம்பி. ஆனால் கையேடு போவது தமிழ்நாட்டில் படித்தவர்கள் கைக்கு. தலைப்பில் நுண்ணறைபுகு, சொற்பட்டியலில் சிற்றறைபுகுவும் பக்கத்தில். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். அதற்குள் வேறு யாருக்காவது ஜன்னல் சாத்தத் தோன்றினால் சொல்லுங்கள்.