மெக்கானிக்கோட சண்டை போட்டுட்டேன், இனி எப்டி பழகுறது?

மேடவாக்கம்_திருச்சிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2013 ஸ்விஃப்ட் டீசல், 1,14,000 ஓடிருக்கு, அப்பா ஓட்டுன வண்டி. திருச்சில இருந்த வரைக்கும் கவலையே இல்ல, அப்பாவுக்கு மாருதி 800 காலத்துல இருந்து ஒரே மெக்கானிக், காலைல சாவிய குடுத்துட்டு பஸ்ல ஆபீஸ் போயிடுவாரு, சாயந்தரம் வண்டி வாசல்ல நிக்கும், எவ்ளோ ஆச்சுன்னு கேட்டு குடுப்பாரு அவ்ளோதான். நான் சென்னை வந்து ரெண்டு வருஷத்துல நாலு ஒர்க்‌ஷாப் மாத்திட்டேன்.

இப்ப விஷயம் என்னன்னா, மெதுவா போகும்போது முன்னாடி இடது பக்கம் டக் டக்னு சத்தம். யூடியூப்ல நாலு வீடியோ பாத்தேன், ஷாக் அப்சார்பர்தான்னு முடிவு பண்ணி ஒர்க்‌ஷாப்ல போய் "ஷாக் போயிடுச்சு, முன்னாடி ரெண்டையும் மாத்திடுங்க"ன்னு சொன்னேன். மாத்துனாரு, 7,200 ஆச்சு. மறுநாள் பள்ளிக்கரணை தாண்டல, அதே டக் டக். நேரா போய் கத்திட்டேன், கடைல வேற ரெண்டு கஸ்டமர் உக்காந்துருந்தாங்க. அவரு கைய வேஸ்ட் துணில தொடச்சுக்கிட்டே "நீங்கதான சார் ஷாக் மாத்த சொன்னீங்க"ன்னாரு, அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல. வந்துட்டேன். ஆள் வேலை சுத்தம், ஆயில் சர்வீஸ் எல்லாம் நல்லாதான் பண்ணிருந்தாரு.

தப்பு யார் மேலன்னு சொல்லுங்க. அப்பாவுக்கு கிடைச்ச மாதிரி ஆள எப்டி புடிக்கிறது? பேரம் பேசலாமா, ஸ்பேர நாமளே ஆன்லைன்ல வாங்கி குடுத்தா கோச்சுப்பாங்களா, இல்ல பேசாம ஷோரூம்லயே விட்டுடலாமா?

வேளச்சேரி_போட்மேன்

தப்பு பாதி உங்க மேலதான் பாஸ், கோச்சுக்காதீங்க. டாக்டர்ட்ட போய் "எனக்கு இந்த மாத்திர எழுதி குடுங்க"ன்னு கேட்டா எப்டியோ அப்டி. சத்தம் எப்ப வருது, எந்த ஸ்பீடுல, பிரேக் புடிச்சா வருதா, ஸ்டீரிங் ஒடிச்சா வருதா இத மட்டும் சொல்லுங்க, பார்ட் பேர நீங்க சொல்லாதீங்க. முடிஞ்சா பக்கத்து சீட்ல அவர உக்கார வச்சு ஒரு ரவுண்டு போங்க.

எங்காளோட எனக்கு பழக்கம் ஆனது ஒரு அம்பது ரூபா விஷயத்துல. ஹெட்லைட் எரியல, ஒயர் கழண்டுருந்துச்சு, ரெண்டு நிமிஷத்துல மாட்டிட்டு "போங்க சார் காசு வேணாம்"னாரு. நான் வம்படியா அம்பது ரூபாய டேபிள்ல வச்சுட்டு வந்தேன். சின்ன வேலைக்கும் நேரத்துக்கும் காசு குடுக்குற ஆளுன்னு மனசுல பதிஞ்சுடுச்சு போல, அதுக்கப்புறம் தேவையில்லாத வேலை ஒண்ணு கூட என் வண்டில பண்ணது இல்ல, "இன்னும் பத்தாயிரம் ஓடும், அப்புறம் பாக்கலாம்"னு திருப்பி அனுப்புனதுதான் ஜாஸ்தி.

2023 டிசம்பர் மிச்சாங் புயல் அப்போ எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல சீட்டு வரைக்கும் தண்ணி. ராத்திரி போன் பண்றேன், எடுத்த உடனே அவரு கேட்ட மொத கேள்வி "ஸ்டார்ட் பண்ணீங்களா?" இல்லன்னேன். "சாவியவே போடாதீங்க, பேட்டரி ஒயர மட்டும் முடிஞ்சா கழட்டி விடுங்க"ன்னாரு. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்து கிராங்க் பண்ணா, காத்து மாதிரி தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளஞ்சு என்ஜினே காலியாயிடும். எதிர் பிளாக்ல ஒருத்தர் அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணிட்டாரு, பாவம். எனக்கு ஆயில், ஃபில்டர், சீட் க்ளீனிங், ஒரு சென்சாரோட போச்சு. அந்த நேரத்துல போன எடுக்க ஒரு ஆள் இருக்கணும், அதுக்குதான் இந்த பழக்கமெல்லாம்.

கிரீஸ்_கை_மதுரை

நான் இருபத்திரெண்டு வருஷமா இந்த தொழில்ல இருக்கேன், கடை வச்சு பதினொண்ணு ஆச்சு, அதனால எங்க பக்கத்தயும் சொல்லிடுறேன்.

மொதல்ல தம்பி, அந்த மெக்கானிக் மேலயும் தப்பு இருக்கு. நீங்க என்ன சொன்னாலும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுதான் கை வச்சுருக்கணும். ஆனா ஒண்ணு, "சார் அது இல்ல சார்"னு நாங்க சொன்னா "எனக்கே சொல்லிக் குடுக்குறியா, மாத்துனா மாத்து"ன்னு நிக்கிற ஆளுகளும் வாராங்க. பத்து தடவ வாங்கிக் கட்டுனா பதினோராவது தடவ யாரும் வாயத் தொறக்க மாட்டான்.

உங்க சத்தத்துக்கு ஒண்ணு கேக்குறேன். ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது கம்மியாவும், ஒத்த சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்கும்போது ஜாஸ்தியாவும் இருக்கா? அப்டின்னா ஸ்டெபிலைசர் லிங்க் ராடா இருக்கலாம், வண்டி ஒரு பக்கமா சாயாம புடிக்கிற கம்பிய சக்கரத்து பக்கம் இணைக்கிற சின்ன ஐட்டம், ஷாக் விலைல கால்வாசி கூட வராது. லோயர் ஆர்ம் புஷ்ஷாவும் (சக்கரத்த தாங்குற கீழ் கையில இருக்குற ரப்பர்) இருக்கலாம், கம்பி போட்டு ஆட்டிப் பாத்தாதான் தெரியும், இங்கருந்து சொல்ல முடியாது.

ஸ்பேர் நீங்களே வாங்கி குடுக்குற விஷயம். குடுக்கலாம், ஆனா மொதல்லயே கேட்டுட்டு குடுங்க. போன மாசம் ஒருத்தர் ஆன்லைன்ல கிளட்ச் செட் வாங்கிட்டு வந்தாரு, நான் கியர்பாக்ஸ இறக்கி வச்சுட்டு பாத்தா பிளேட்டு அந்த மாடலுக்கு சேராது. வண்டி லிஃப்ட்ல தொங்குது, ரிட்டர்ன் போட்டு புதுசு வர நாலு நாளு, அந்த நாலு நாளும் லிஃப்ட்டு எனக்கு வேலை செய்யல. எங்கிட்ட வாங்குனா மார்ஜின் இருக்கும், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா பார்ட் ஊத்திக்கிச்சுன்னா திரும்ப கழட்டி மாட்டுறதும் என் கணக்கு. காசு மிச்சம் புடிக்கணும்னா "கம்பெனி டப்பா வேணுமா, தயாரிக்கிறவன் டப்பா போதுமா"ன்னு கேளுங்க. நெறைய ஐட்டம் ஒரே ஃபேக்டரிதான், டப்பால பேரு மாறுனா விலை மாறும்.

காலைல ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுன்னு சாயந்தரம் ஆறு மணிக்கு சூடா ஓட்டிட்டு வருவாங்க. சூடான வண்டி ஜம்முன்னு ஸ்டார்ட் ஆகும், நான் என்னத்த பாக்க? அந்த மாதிரி கம்ப்ளைன்ட்டுன்னா ராத்திரியே கடைல விட்டுட்டு போங்க, காலைல நானே மொத கிராங்க் பண்ணிப் பாக்குறேன். சத்தம்னா அது வரும்போது போன்ல வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க, சும்மா சும்மா போன் அடிச்சா வண்டிக்கு அடில இருந்து எந்திரிச்சு வரணும். டீசலும் கொஞ்சம் போட்டு விடுங்கப்பா, ரிசர்வ்ல கொண்டு வந்து நிறுத்திட்டு ட்ரையல் பாருங்கன்னா எப்டி.

ஸ்கேனர் போட்டு பாக்க காசு கேட்டா முகம் சுளிக்காதீங்க. ஸ்கேனர் எரர் கோடு நம்பர மட்டுந்தான் காட்டும், என்ன கோளாறுன்னு நாமதான் தேடணும். இஜிஆர் (புகைல கொஞ்சத்த திரும்ப என்ஜினுக்கே அனுப்புற வால்வு) கோடு வந்தா நேரா வால்வ மாத்துற ஆளும் இருக்கான், கழட்டி கார்பன சொரண்டி மாட்டுற ஆளும் இருக்கான். ரெண்டாவது ஆளுக்கு அரை நாள் வேலை, உங்களுக்கு ஆயிரக்கணக்குல மிச்சம், அவனுக்கு அந்த அரை நாள் கூலிய குடுக்கணுமா இல்லையா?

இன்னொண்ணு, தீபாவளி பொங்கலுக்கு ஊருக்கு போக ரெண்டு நாள் முன்னாடி வராதீங்க. ஆயுத பூஜைக்கு வாங்க, பொரி கடலை சாப்புட்டு போங்க.

சரவணம்பட்டி_அக்கா

நான் கோயம்புத்தூருங்க, வேகன்ஆர் வச்சுருக்கேன். எனக்கு வேற மாதிரி பிரச்சன. வண்டி என்னோடது, ஓட்டுறது நானு, காசு குடுக்குறது நானு, ஆனா ஒர்க்‌ஷாப் அண்ணன் என்ன கோளாறுன்னு என் வீட்டுக்காரருக்கு போன் போட்டு சொல்லுவாருங்க! அவருக்கு பெட்ரோல் மூடி எந்தப் பக்கம்னே தெரியாது.

சண்டையெல்லாம் போடலீங்க. ஒரு நோட்டு போட்டேன். தேதி, எத்தன கிலோமீட்டர்ல என்ன மாத்துனது, எவ்ளோ ஆச்சு, எல்லாம் எழுதி கிளவ் பாக்ஸ்ல வச்சேன். அடுத்த தடவ பிரேக் பேடு மாத்தணும்னாரு, நோட்ட தொறந்து "அண்ணா போன வருஷம் மார்ச்ல மாத்துனதுங்க, பதினோராயிரந்தான் ஓடிருக்குது, அதுக்குள்ளயா?"ன்னேன். அவரே வீல கழட்டி காமிச்சாருங்க, ஒரு பக்க பேடு மட்டும் தேஞ்சு கெடந்துச்சு, பேட அமுக்குற காலிப்பரோட பின்னு ஜாமாம். அன்னைலேர்ந்து எனக்குத்தான் போன் வருது, இப்ப அவரே "நோட்டு எடுங்க அம்மிணி"ங்கறாரு.

அப்புறம் மாத்துன பழைய பார்ட்ட கேட்டு வாங்கிக்கோங்க. சந்தேகப்பட்டு கேக்குற மாதிரி இல்லாம, வண்டிய விடும்போதே "பழசு டிக்கில போட்டுருங்கண்ணா"ன்னு சாதாரணமா சொல்லிட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. "ரெண்டாயிரத்துக்கு மேல போனா ஒரு போன் பண்ணிட்டு பண்ணுங்க"ன்னும் சொல்லிருவேன்.

பில்_எங்க_பில்

எல்லாரும் சென்டிமென்டா பேசுறீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். பழக்கம் ஆனா காசு விஷயத்துல வாய் தொறக்க கூச்சம் வருது. எனக்கு ஆறு வருஷ பழக்கம் ஒருத்தர், வீட்டு கல்யாணத்துக்கெல்லாம் போயிருக்கேன், கடைசி மூணு வருஷம் பில்லே கிடையாது, துண்டு சீட்டுல மொத்தமா ஒரு நம்பர். கிளட்ச் செட் பெரிய கம்பெனின்னு சொல்லி போட்டாரு, எட்டே மாசத்துல ஸ்லிப் ஆச்சு, வேற எடத்துல பிரிச்சா பேரே கேள்விப்படாத பிராண்டு. பில் இல்ல, யார்ட்ட போய் கேக்குறது? நண்பனா இருந்தா என்ன, பார்ட் பேரு, நம்பர், லேபர் தனியா, எல்லாம் எழுத்துல வேணும். முன்னாடி நெறைய பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 28 பர்சன்ட், பில் போட்டா விலை ஏறும்னு காரணம் சொல்லுவாங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து அதெல்லாம் 18 ஆயிடுச்சு, அந்தக் காரணமும் பாதி போச்சு. நான் இப்ப ஷோரூம்தான்.

கிரீஸ்_கை_மதுரை

பில் கேக்குறது நியாயந்தான் சார், குடுக்காதவன்ட்ட போகாதீங்க. ஆனா ஷோரூம் மட்டும் ஒழுங்குன்னு சொல்லாதீங்க. ஸ்பேரும் டூலும் வெளி ஒர்க்‌ஷாப்புக்கு கிடைக்க விடாம வச்சதுக்கு 2014ல போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிக்கு மொத்தம் 2,500 கோடிக்கு மேல அபராதம் போட்டுச்சு, ஞாபகம் இருக்கா? வாரண்டி இருக்குற வரைக்கும் அங்க விடுங்க, நானே அப்டித்தான் சொல்லி அனுப்புவேன். தம்பி வண்டிக்கு அது முடிஞ்சு பல வருஷமாச்சு. அந்த 1.3 டீசல் என்ஜின மாருதி 2020லயே நிறுத்திடுச்சு, ஆனா ஃபியட்டு என்ஜின், இண்டிகா விஸ்டாலயும் அதேதான் வந்துச்சு, தமிழ்நாட்டுல அத பிரிச்சுப் போட்ட கை ஆயிரம் இருக்கு. பயப்படாதீங்க.

மேடவாக்கம்_திருச்சிக்காரன்

அப்டேட். சனிக்கிழம கூட்டமா இருக்கும்னு செவ்வாக்கெழம காலைல அதே கடைக்கு போனேன். என்ன பேசுறதுன்னு தெரில, ரெண்டு டீ சொல்லிட்டு "அண்ணே அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன், தப்புதான்"ன்னு மட்டும் சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல, டீய குடிச்சுட்டு "சாவிய குடுங்க"ன்னாரு. நான் ஓட்டுறேன்னேன், பக்கத்துல உக்காந்தாரு. கண்ணாடிய இறக்கிட்டு ரேடியோவ ஆஃப் பண்ண சொன்னாரு. முக்கால் கிலோமீட்டர் கூட போகல, சாக்கடை மூடி ஒண்ணு ரோட்டுல இறங்கி கெடக்கும், அதுல இடது சக்கரத்த மட்டும் விட சொன்னாரு, டக்னுச்சு. "போதும் திருப்புங்க." மதுரை அண்ணன் சொன்ன அதேதான், லிங்க் ராடு. இடது பக்கத்த கையால புடிச்சு ஆட்டுனாரு, லொட லொடன்னு ஆடுது. ரெண்டு பக்கமும் மாத்தி 1,400, பில்லோட. லேபர் வேணாம்னாரு, போட்மேன் பாஸ் சொன்ன மாதிரி வம்படியா 300 வச்சுட்டு வந்தேன், எடுத்துக்கிட்டாரு.

ஷாக்க பத்தி கேட்டேன், "பழசு லைட்டா லீக் இருந்துச்சு சார், இன்னும் ஒரு வருஷம் ஓடிருக்கும்"னாரு. கடுப்பாதான் இருந்துச்சு, என்ன பண்றது.

அக்கா சொன்ன மாதிரி பழைய பார்ட்ட டிக்கில போட சொன்னேன், ரெண்டு லிங்க் ராடும் கிரீஸோட என் ஜிம் பேக் மேலயே கெடக்குது. இத வச்சு என்னங்க பண்ணுவீங்க?

சரவணம்பட்டி_அக்கா

பழைய இரும்புக்கடைல போடுங்க, ஒரு டீக்கு ஆகும். அடுத்த தடவ டிக்கில நியூஸ் பேப்பர் விரிச்சு வைங்க தம்பி.