வீட்டு பீட்சா: ஓரம் கருகுகிறது, நடு சொதசொதவென்று இருக்கிறது, உதவுங்கள்

தெற்குவாசல்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு ஞாயிறாக வீட்டில் காய்கறி பீட்சா செய்து பார்க்கிறோம். இரண்டு முறையும் இதே நிலைதான். ஓரமும் மேலே உள்ள சீஸும் கருக ஆரம்பித்துவிடுகின்றன, நடுவில் மட்டும் மாவு வேகாமல் சொதசொதவென்று நிற்கிறது. துண்டைத் தூக்கினால் முனை தொங்கி, காயெல்லாம் வழுக்கித் தட்டில் விழுகிறது.

மாவு பிசைவது என் அம்மா, காய் நறுக்குவது மனைவி, சாஸ் தடவுவது மகள், காய் அடுக்குவது ஆறு வயது மகன். ஓடிஜி, அதாவது மேசை மேல் வைக்கும் சின்ன மின் அடுப்பு, என் பொறுப்பு.

மைதா 2 கப், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், உப்பு, கொஞ்சம் எண்ணெய், முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாக வெதுவெதுப்பான தண்ணீர். மதுரை வெயிலுக்கு ஒரு மணி நேரத்திலேயே மாவு இரண்டு மடங்காகிவிடுகிறது. ஆனால் தேய்க்கும்போது ரப்பர் மாதிரி உள்ளே சுருங்கிக்கொள்கிறது.

காய்: குடைமிளகாய், வெங்காயம், தக்காளி, காளான், ஸ்வீட் கார்ன். உப்பு, மிளகுத்தூள், எண்ணெய் போட்டுப் பிசிறி அரை மணி நேரம் ஊறவைத்தோம். ஓடிஜியை 200 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி, அதனுடன் வந்த தட்டில் வைத்து, நடு அடுக்கில் 20 நிமிடம்.

அடுத்த ஞாயிறு மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். கேக் வேண்டாம், நாமே செய்த பீட்சாதான் வேண்டும் என்கிறாள். அதற்குள் சரிசெய்ய வேண்டும்.

கோவைச்சாரல்:

மாவைத் தடிமனாகத் தேய்த்திருப்பீர்கள். சப்பாத்தி அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து, முள்கரண்டியால் குத்திவிட்டுச் செய்து பாருங்கள்.

மாவுக்கை:

சகோ, மூன்று விஷயம் சொல்லுங்கள். காய் ஊறிய பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நின்றதா, அதை என்ன செய்தீர்கள்? சீஸை எந்த நிலையில் போட்டீர்கள்? ஓடிஜியில் மேல் ராட், கீழ் ராட் இரண்டும் எரிந்தனவா?

தெற்குவாசல்:

தண்ணீர் நின்றது. நாலைந்து ஸ்பூன் இருக்கும். மசாலா வீணாகப் போகக் கூடாதென்று அதையும் பீட்சா மேலேயே ஊற்றிவிட்டோம். சீஸ் துருவிய பாக்கெட், ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே தூவினோம். இரண்டு ராடும் எரிந்தன.

மாவுக்கை:

அப்படியானால் விஷயம் தெரிந்துவிட்டது. நீங்கள் பீட்சாவைச் சுடவில்லை, நடுவில் அவித்திருக்கிறீர்கள்.

ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மாவு சிவந்து மொறுமொறுப்பாக அதைவிட நிறையச் சூடு வேண்டும். ஓரத்தில் காயும் சாறும் இல்லாததால் அது சீக்கிரம் காய்ந்து கருகுகிறது. நடுவோ தன் தண்ணீரிலேயே நிற்கிறது. கோவைச்சாரல் சொன்னபடி மெல்லியதாகத் தேய்ப்பது நல்லதுதான், ஆனால் இவ்வளவு சாறு இருக்கும்போது குத்தினால் அந்த ஓட்டை வழியாக அது அடியில் இறங்கி மாவு தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

காளானிலிருந்து நிறைய ஈரம் வருகிறது. அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உப்பு போட்டதும் அது வெளியே வந்துவிடும். பஜ்ஜிக்கு வாழைக்காயை ஊறவைப்பது போல இதற்குச் செய்யக் கூடாது. காளானை எண்ணெயில்லாத வாணலியில் போட்டுப் பெருந்தீயில் வதக்குங்கள். முதலில் தண்ணீர் விட்டுக்கொண்டு கொதிக்கும், அப்புறம் சத்தம் மாறி சுரீரென்று கேட்கும். அப்போது இறக்குங்கள். குடைமிளகாய், வெங்காயத்தை ஒரு நிமிடம் பிரட்டினால் போதும். தக்காளியில் விதையையும் சதையையும் வழித்தெடுத்துவிட்டுத் தோல் பக்கத்தை மட்டும் போடுங்கள். எல்லாம் நன்றாக ஆறட்டும். உப்பு கடைசியில், அடுப்பில் வைக்கும் முன். சீஸை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்தால் அதிலுள்ள பனியும் போய்விடும்.

சாஸ் கரண்டியிலிருந்து சொட்டாமல் நிற்கும் பதம் வரை வற்ற வேண்டும். எட்டு அங்குல பீட்சாவுக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது சூடு. நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்பில் 430 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும், ஒன்று ஒன்றரை நிமிடத்தில் பீட்சா வெந்துவிடும். நம் ஓடிஜிக்கு அந்தச் சூடு கிடையாது. அதனால் அடியிலிருந்து கொடுக்கும் சூட்டைச் சேமித்து வைக்க வேண்டும். வீட்டில் இரும்பு தோசைக்கல் இருக்குமே? மரப்பிடியோ பிளாஸ்டிக் பிடியோ இல்லாததாக, ஓடிஜிக்குள் அடங்குவதாக இருந்தால் கீழ் அடுக்கில் வைத்து, ஓடிஜி போகிற உச்சச் சூட்டில், 230 அல்லது 250, முழுசாக 25 நிமிடம் காயவிடுங்கள். நான்ஸ்டிக் கல் வேண்டாம். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் ரவை தூவி, அதன் மேல் பீட்சாவை அடுக்கிக் கல்லின் மேல் சறுக்கிவிடுங்கள். எட்டிலிருந்து பத்து நிமிடத்தில் வெந்துவிடும். சறுக்கும் வேலை பெரியவர்களுக்கு மட்டும், பிள்ளைகள் அப்போது அடுப்படியில் நிற்க வேண்டாம்.

விருதுநகர்_அக்கா:

மாவு சுருங்குவதற்கு உங்கள் அம்மாவிடமே மருந்து இருக்கும் தம்பி. பரோட்டாவுக்கு உருண்டை பிடித்து எண்ணெய் தடவி ஊறவைக்கிறோமே, அதேதான். பிசையும்போது மாவில் உண்டாகும் இழுவை தளர நேரம் வேண்டும். பொங்கிய மாவை மூன்று உருண்டையாக்கி, ஈரத்துணி போட்டு மூடி இருபது நிமிடம் விடுங்கள். அப்புறம் பூரிக்கட்டையைத் தொடாமல், விரல் நுனியால் நடுவிலிருந்து வெளியே அழுத்திக்கொண்டே போங்கள். ஓரத்தில் விரலகலம் அழுத்தாமல் விட்டால் அது தானே உப்பும்.

இன்னொன்று. ஒரே பெரிய பீட்சாவில் ஆளுக்கு ஒரு கை காய் போட்டால் மலையாகக் குவியும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. ஆளுக்கு ஒரு சின்ன பீட்சா கொடுத்துவிடுங்கள். தன்னுடையது என்றால் பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்டு அளவாகப் போடுவார்கள்.

தெற்குவாசல்:

பிறந்தநாள் முடிந்தது. உங்கள் எல்லோருக்கும் எங்கள் வீடே நன்றி சொல்கிறது!

காளான் வாணலியில் விட்ட தண்ணீரைப் பார்த்து மனைவி, "இவ்வளவையுமா போன வாரம் மாவு மேலே கொட்டினோம்?" என்றாள். உருண்டை ஊறிய பிறகு மாவு சொன்ன பேச்சு கேட்டது. அம்மா கையாலேயே விரித்துவிட்டார். முதல் பீட்சாவை வெளியே எடுத்ததும் அதைக் கொஞ்சம் தூக்கி, அடியில் விரல் நகத்தால் தட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. அடியில் தோசையில் வருவது போலச் செம்புள்ளிகள். மகள் முதல் துண்டை எடுத்து என் அம்மாவுக்குத்தான் ஊட்டினாள்.

மகனுடையதில் மட்டும் சிக்கல். கார்னை ஒவ்வொரு மணியாக வட்டமாக அடுக்கினான், கால் மணி நேரம் ஆகிவிட்டது. மாவு தட்டோடு ஒட்டி, சறுக்கும்போது மடிந்துவிட்டது. அவனை அவசரப்படுத்தவும் மனமில்லை. இதற்கு என்ன செய்யலாம்? அப்புறம் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கோதுமை மாவில் செய்யச் சொல்கிறார். வருமா?

மாவுக்கை:

மகனுக்கு நேரம் கொடுங்கள். அவன் மாவை மட்டும் முதலில் வெறுமனே கல்லில் போட்டு மூன்று நிமிடம் வேகவைத்து வெளியே எடுத்து ஆறவைத்துக் கொடுத்தால் எவ்வளவு நேரம் அடுக்கினாலும் ஒட்டாது. மற்றவர்கள் தட்டை நடுநடுவே லேசாக ஆட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், நகரவில்லை என்றால் ஓரத்தைத் தூக்கி இன்னும் கொஞ்சம் ரவை. ஒவ்வொரு பீட்சாவுக்கும் நடுவே கல் மறுபடி காய ஐந்து நிமிடம் விடுங்கள்.

கோதுமையில் வரும், ஆனால் முழுக்கக் கோதுமை போட்டால் அடர்த்தியாக, ரொட்டி மாதிரி இருக்கும். முதல் தடவை பாதிக்குப் பாதி போடுங்கள். தவிடு தண்ணீரை இழுக்கும் என்பதால் இரண்டு மூன்று ஸ்பூன் கூடுதலாக விட்டு, பிசைவதற்கு முன் மாவையும் தண்ணீரையும் கலந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். அதில் பாதி மைதாதான் என்பதால் எவ்வளவு சாப்பிடலாம் என்று அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.