சேர்வராயன் மலைக் களப்பணிக்குப் புதிய ஐபேட் ஏர்: எந்த வகையை வாங்குவது?

கேள்வி
நிலவியல் மாணவி, சேலம் (17 மார்ச் 2025)

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் நிலவியல் முதுநிலை முதலாண்டு படிக்கிறேன். எம்3 சிப் கொண்ட புதிய ஐபேட் ஏரை ஆப்பிள் நிறுவனம் இம்மாதம் 4ஆம் தேதி அறிவித்த நாள் முதல், அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன். 12ஆம் தேதி முதல் அது விற்பனைக்கும் வந்துவிட்டது. ஒரு கருவியின் மீது எனக்கு இத்தனை ஆர்வம் இதற்கு முன் வந்ததில்லை என்பதால், வாங்கும் முன் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுத் தெளிவு பெற விரும்புகிறேன்.

வரும் கோடையில் எங்கள் வகுப்பு சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைகளையும், கஞ்சமலையின் மாக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்புக் கனிமம்) குவார்ட்சைட் அடுக்குகளையும், நகரத்துக்கும் ஏற்காட்டு அடிவாரத்துக்கும் இடையே மாக்னசைட் என்ற வெள்ளைக் கனிமம் நரம்புகளாக ஓடும் டியூனைட் பாறைப் பகுதியையும் வரைபடமாக்க இருக்கிறது. சீனியர்கள் டோப்போஷீட் எனும் நில அமைப்பு வரைபடத்தை அட்டையில் ஒட்டிக்கொண்டு, பாறையின் திசையையும் சாய்வையும் அளக்கும் பிரண்டன் காம்பஸ், களக்குறிப்பேடு, வண்ணப் பென்சில்கள், ஜி.பி.எஸ். கருவி, கேமரா ஆகிய அனைத்தையும் சுமந்து மலையேறுகிறார்கள். மாலையில் அறைக்குத் திரும்பிய பிறகு, எந்தப் புகைப்படம் எந்தப் பாறைக்குரியது என்று பொருத்திப் பார்ப்பதிலேயே பாதி இரவு கழிகிறது. 460 கிராம் எடையுள்ள ஒரே பலகையில் வரைபடமும் குறிப்பும் படமும் ஒன்றாக இருக்க, பாறையைப் படம் பிடித்த இடத்திலேயே அதன் மீது மடிப்பின் அச்சையும் பிளவுகளையும் வரைய முடியும் என்பதை எண்ணும்போதே மனம் பூரிக்கிறது. ஆப்பிளின் மின்பேனாவான பென்சில் ப்ரோவை விரல்களால் அழுத்தினால் கருவிப்பட்டியல் வருவதும், சுழற்றினால் தூரிகையின் முனை திரும்புவதும், திரையைத் தொடுமுன்பே கோடு எங்கே விழும் என்று காட்டுவதும் பாறைப் படம் வரைவோருக்காகவே செய்யப்பட்டவை போல எனக்குத் தோன்றுகின்றன.

வை-ஃபை மட்டும் உள்ள 11 அங்குல ஏரின் விலை 59,900 ரூபாய்; பென்சில் ப்ரோ 11,900 ரூபாய். மாணவர் சலுகையில் ஏரின் விலை 54,900 ரூபாய்க்குக் குறைகிறது. நான் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்துடன், மீதியை வீட்டில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வை-ஃபை வகையே களப்பணிக்குப் போதுமா? ஏர் அறிவிக்கப்பட்ட அதே நாளில் அறிவிக்கப்பட்ட, 34,900 ரூபாய் விலையுள்ள, ஏ16 சிப் கொண்ட சாதாரண ஐபேட் போதும் என்று சிலர் சொல்வது சரியா? ஏரை வாங்கினால் மடிக்கணினியும் காம்பஸும் தேவைப்படாமல் போகுமா?

மறுமொழி
சுரங்க நிலவியலாளர், ஓமலூர்

தங்கைக்கு வணக்கம். பாறையின் மீது இத்தனை விருப்பம் உள்ள ஒருவர் கருவியின் மீதும் விருப்பம் கொள்வது இயல்புதான். அதைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால், விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படாத ஒரு செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வை-ஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். இல்லை. அருகிலுள்ள வை-ஃபை இணைப்புகளைக் கொண்டு அது தன் இடத்தை ஊகிக்கிறது. நகருக்குள் அஸ்தம்பட்டியில் அந்த ஊகம் நன்றாகவே பொருந்தும், மலைச்சரிவில் ஊகிக்க எதுவும் இருக்காது. செயற்கைக்கோள் வழி இடமறியும் வசதி செல்லுலார் வகையில் மட்டுமே உண்டு. 11 அங்குல ஏரில் அதன் விலை 74,900 ரூபாய். அதற்கு மாதச் சந்தா கட்டியாக வேண்டும் என்று எண்ணி அஞ்ச வேண்டாம். இ-சிம் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், முதல் முறை இடத்தைப் பிடிப்பதற்கு மட்டும் சற்றுக் கூடுதல் நேரமாகும். ப்ளூடூத் வழி இணையும் வெளிக்கருவியை வை-ஃபை வகையுடன் பயன்படுத்துவோரும் உண்டு. ஐபேடுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட கருவியா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இந்தத் துல்லியம் போதுமா என்பது நீங்கள் வரையும் அளவையைப் பொறுத்தது. திறந்த வானத்தின் கீழ் இத்தகைய கருவிகளில் ஏறத்தாழ 5 மீட்டர் பிழை இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 1:50,000 டோப்போஷீட்டில் அது 0.1 மில்லிமீட்டர்தான், உங்கள் பென்சில் கோட்டின் தடிப்பே அதைவிடப் பெரிது. மாக்னசைட் நரம்புகளை 1:5,000 அளவையில் வரையும்போது அதே 5 மீட்டர் தாளில் 1 மில்லிமீட்டராகிவிடுகிறது. ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத நரம்புகள் நெருக்கமாகக் கிளை பிரியும் இடத்தில், எந்த நரம்பின் மீது நிற்கிறீர்கள் என்பதை டேப்லெட் சொல்லாது. அங்கே நாடாவால் அளந்துதான் ஆக வேண்டும். ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்கள் வானத்தை மறைப்பதால் பிழை இன்னும் கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மடிக்கணினி தேவையா என்றால், தேவைதான். வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் இயங்கும், ஐபேடில் இயங்காது. களத்தில் பயன்படும் கியூஃபீல்டு செயலி ஐபேடில் உண்டு, அதுவும் இலவசம்தான். ஆனால் அதற்குரிய வரைபடத் திட்டத்தைக் கணினியில் தயார் செய்தே ஏற்ற வேண்டும். துறையின் ஆய்வகத்தில் ஒரு கணினி கிடைக்குமானால் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. மலையின் பின்புறச் சரிவுகளில் இணையத்தை நம்ப முடியாது என்பதால், அடித்தள வரைபடம் முழுவதையும் முன்னதாகவே கருவிக்குள் சேமித்துவிடுங்கள்.

ஏ16 ஐபேடின் சிப் உங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும். நான் தயங்குவது அதன் திரைக்காகத்தான். ஏரில் கண்ணாடியும் திரையும் இடைவெளியின்றி ஒட்டப்பட்டு, எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சும் உண்டு. ஏ16 வகையில் இவ்விரண்டும் இல்லை. இரண்டின் ஒளி அளவும் 500 நிட்ஸ்தான் என்றாலும், வெள்ளை வெளேரென்ற மாக்னசைட் குவியலின் நடுவே உச்சி வெயிலில் நின்று திரையைப் படிக்கும்போது அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இக்கருவிகள் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கே வடிவமைக்கப்பட்டவை. ஏற்காட்டில் இது சிக்கலன்று. ஆனால் சேலத்தின் ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியை நெருங்கும்; கருவி சூடேறினால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், பிறகு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். கஞ்சமலையையும் சுரங்கப் பகுதியையும் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளும்படி நாளைத் திட்டமிடுங்கள்.

மறுமொழி
ஆய்வு மாணவர், அழகாபுரம்

மேலே அண்ணன் சொன்னவற்றுடன் முழுமையாக உடன்படுகிறேன். பென்சிலைக் குறித்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஏ16 ஐபேடில் பென்சில் ப்ரோ வேலை செய்யாது. அதனுடன் சேரும் யுஎஸ்பி-சி பென்சிலின் விலை 7,900 ரூபாய். அது அழுத்தத்தை உணர்வதில்லை என்பதால், அழுத்தினால் தடித்தும் தளர்த்தினால் மெலிந்தும் வரும் கோடு அதில் கிடைக்காது. நீங்கள் வருணித்த அழுத்தலும் சுழற்றலும் ஏரில்தான் கிடைக்கும். பாறை முகப்புகளை லைடார் (லேசர் ஒளியால் தொலைவை அளக்கும் உணரி) கொண்டு முப்பரிமாணமாக ஸ்கேன் செய்யும் எண்ணமும் இருந்தால், அந்த வசதி ஏரிலும் இல்லை, ஐபேட் ப்ரோவில்தான் உண்டு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

செல்லுலார் ஏருக்கும் பென்சிலுக்கும் சேர்த்து 86,800 ரூபாய் ஆகிறது. ஒரு மாணவிக்கு இது பெருந்தொகை என்பதால், சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 எஃப்இ என்ற டேப்லெட்டையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 2023 அக்டோபரில் வந்த பழைய கருவிதான். வேகத்தில் எம்3 சிப்புக்கு அருகில்கூட வராது. ஆனால் அதன் வை-ஃபை வகையிலேயே ஜி.பி.எஸ். உண்டு, எஸ் பென் என்ற மின்பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறது, மெமரி கார்டு போடலாம், ஐபி68 தரத்தில் நீரையும் தூசியையும் தாங்கும். அறிமுகமானபோது அதன் விலை 36,999 ரூபாய். ஐபேட் ஏருக்கு நீர் தாங்கும் தரச் சான்று எதுவும் இல்லை. ஏற்காட்டில் கோடை மழை எந்த மாலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது என்பதை நீங்களே அறிவீர்கள்.

இன்னொன்று. கடந்த 14ஆம் தேதி தாக்கல் செய்யப்பட்ட தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவரவர் விருப்பப்படி கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். உங்கள் கோடைக் களப்பணிக்குள் அது கைக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனினும், உங்கள் கல்லூரியும் வகுப்பும் அத்திட்டத்தில் அடங்குமென்றால் மடிக்கணினியைத் தேர்ந்தெடுங்கள். அப்போது கியூஜிஐஎஸ் சிக்கலும் தீர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்
நிலவியல் மாணவி, சேலம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வை-ஃபை வகையில் ஜி.பி.எஸ். இல்லை என்பதை நான் எங்கும் படிக்கவில்லை. இது தெரியாமல் வாங்கியிருந்தால் களத்தில் பெரிதும் தவித்திருப்பேன். ஆர்வம் இன்னும் ஏரின் பக்கமே சாய்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் இந்த வாரம் கடைக்குச் சென்று, ஏரையும் சாம்சங் டேப்லெட்டையும் வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பிடித்துப் பார்க்க அனுமதி கேட்கப் போகிறேன். காம்பஸ் பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை. டேப்லெட்டைப் பாறையின் மீது வைத்தாலே ஸ்ட்ரைக்கும் (பாறை அடுக்கின் கிடைக்கோட்டுத் திசை) டிப்பும் (அடுக்கு சாயும் கோணம்) காட்டும் செயலிகள் இருக்கின்றனவே, அவற்றை நம்பலாமா?

மறுமொழி
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர், ஏற்காடு

மகளே, நீங்கள் வரைபடமாக்கப் போகும் இடங்களுள் ஒன்று கஞ்சமலை என்பதால் இந்தக் கேள்வி மிக முக்கியமானது. டிப்பும் ஸ்ட்ரைக்கும் ஒரே செயலியில் ஒரே நொடியில் வந்தாலும், அவை இரண்டு வெவ்வேறு உணரிகளிலிருந்து வருகின்றன. டிப்பை அளப்பது புவியீர்ப்பை உணரும் முடுக்கமானி. பாறையில் எவ்வளவு இரும்பு இருந்தாலும் அது மாறாது. பாறைத்தளம் சமமாக இருந்து, நீங்களும் கருவியை ஒழுங்காக வைத்தால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரைக்கை அளப்பது காந்த உணரி. நம் பகுதியில் புவியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். மாக்னடைட் அடுக்கின் மீது கருவியை வைத்தால், அடுக்கின் சொந்தக் காந்தம் அந்தச் சிறிய புலத்தை எளிதில் திசைதிருப்பிவிடும். இந்தக் குறை பிரண்டன் காம்பஸுக்கும் உண்டு. ஆனால் அங்கே முள் தடுமாறுவதைக் கண்ணால் பார்த்து எச்சரிக்கை அடைவோம்; திரையிலோ எண் அசையாமல் தெளிவாக நிற்பதால் மாணவர்கள் ஐயமின்றி எழுதிக்கொள்கிறார்கள். போதாததற்கு, பென்சிலையும் உறையையும் பிடித்துக்கொள்வதற்கான காந்தங்கள் டேப்லெட்டுக்குள்ளேயே இருக்கின்றன. சார்னோகைட்டில் அளக்கும்போதுகூட உறையைக் கழற்றி, பென்சிலைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

ஓர் இடத்தில் காந்தத்தை நம்பலாமா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அங்கிருந்து தோழி நிற்கும் இடத்தின் திசைக்கோணத்தை அளந்துவிட்டு, அவர் இடத்திலிருந்து உங்களை நோக்கி மீண்டும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு 180 பாகையாக இல்லையென்றால், இரண்டு இடங்களில் ஒன்றிலாவது காந்தம் கெட்டிருக்கிறது. கஞ்சமலையில் இது அடிக்கடி நடக்கும்.

அங்கேதான் ஜி.பி.எஸ். உள்ள டேப்லெட் உங்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கும். மாக்னடைட் அடுக்கைப் பின்தொடர்ந்து நடந்து, ஒரே உயரக்கோட்டில் அமைந்த இரண்டு இடங்களைக் குறித்து அவற்றை வரைபடத்தில் இணைத்தால் ஸ்ட்ரைக் கிடைத்துவிடும். காந்தம் இதில் குறுக்கிடுவதே இல்லை. ஒரே உயரம் என்பதை விட்டுவிடக் கூடாது. சாய்ந்த அடுக்கு மேட்டிலும் பள்ளத்திலும் வளைந்து வெளிப்படும். உயரம் மாறிய இரு இடங்களை இணைத்தால் வருவது ஸ்ட்ரைக் ஆகாது. உயரத்தை ஜி.பி.எஸ். எண்ணிலிருந்து எடுக்காமல், டோப்போஷீட்டின் உயரக்கோட்டைப் பார்த்து எடுங்கள். இரண்டு இடங்களுக்கும் நடுவே தொலைவும் வேண்டும். 100 மீட்டர் இடைவெளியில் இரு முனைகளிலும் 5 மீட்டர்ப் பிழை எதிரெதிராக விழுந்தால் திசை 5 பாகைக்கு மேல் மாறிவிடும்; 300 மீட்டர் கிடைத்தால் அது ஏறத்தாழ 2 பாகைக்குள் அடங்கும். இடையில் அடுக்கு மடிந்திருந்தால் இந்த முறை பயன்படாது என்பதால், நடக்கும் வழியெல்லாம் பாறையைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

புகைப்படத்தின் மீது வரைவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். அதற்கு முன்பாக ஒரு வெற்றுப் பக்கத்தில், அதே பென்சிலால், பாறையைப் பார்த்து மட்டும் ஒரு படம் வரைந்துவிடுங்கள். புகைப்படத்தில் எல்லாமே ஏற்கெனவே இருப்பதால், எது முதலில் உருவான பிளவு, எது அதை வெட்டிச் சென்றது என்று கை தானாகக் கேட்டுக்கொள்ளாது. வெற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டே தீர வேண்டியிருக்கும். எந்த நிறுவனத்தின் டேப்லெட்டாக இருந்தாலும் இது பொருந்தும். பிரண்டனையும் ஒரு சிறிய களக்குறிப்பேட்டையும் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள்; வெயிலில் திரை ஓய்ந்துபோகும் வேளையில் அவை வேண்டும்.

மறுமொழி
சுரங்க நிலவியலாளர், ஓமலூர்

ஆசிரியர் ஐயா சொன்ன இரு இட முறையை நாங்களும் கையாள்கிறோம். தங்கை கியூஃபீல்டு திட்டத்தைத் தயாரிக்கும்போது, ஒவ்வொரு அளவீட்டுக்கும் காந்தம் வழியா, இரு இட முறை வழியா என்று குறிக்க ஒரு தனிப் புலத்தை (தரவு நிரப்பும் கட்டத்தை) சேர்த்துக்கொள்ளட்டும். பின்னர் கஞ்சமலை எண்களில் ஐயம் எழுந்தால் எவற்றை மட்டும் மீண்டும் அளப்பது என்று உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு மாலையும் அன்றைய கோப்பின் நகலைக் கணினியிலோ பென்டிரைவிலோ எடுத்து வைக்கவும்.

கேள்வி கேட்டவர்
நிலவியல் மாணவி, சேலம்

அனைவருக்கும் நன்றி. அந்தப் புலத்தை இன்றே ஆய்வகக் கணினியில் சேர்த்துவிடுகிறேன். ஏர் வாங்கினால் செல்லுலார் வகைதான் என்று முடிவு செய்துவிட்டேன். வெயிலில் இரண்டு திரைகளையும் பார்த்த பிறகு எதை வாங்கினேன் என்று இங்கேயே எழுதுகிறேன்.