மேல் எடைக்குப் போனவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பழைய அறுபது கிலோ:

ஜப்பான் குத்துச்சண்டை வீரர் இனோவே 126 பவுண்டு எடைப் பிரிவுக்குப் போகலாமா கூடாதா என்று என் நண்பர்களுக்குள் ஓயாத சண்டை. 118 பவுண்டில் இருந்த நான்கு உலகப் பட்ட பெல்ட்டையும் 2022 டிசம்பரில் வாரிக்கொண்டார். 122-க்கு ஏறி, 2023 முடிவதற்குள் அங்கேயும் நான்கையும் எடுத்துவிட்டார். ஆனால் முதன்முதலாக அவர் தரையில் விழுந்ததும் அந்த 122-ல்தான். 2024 மே மாதம் நெரி வீழ்த்தினார், 2025 மே மாதம் கார்டனாஸ். இரண்டு தடவையும் லெஃப்ட் ஹூக், அதாவது இடது கையை வளைத்து விடும் குத்து. எழுந்து வந்து இரண்டு பேரையும் முடித்துவிட்டார், அது வேறு விஷயம்.

கருத்து எல்லோரிடமும் இருக்கிறது. உங்கள் உடம்பில் பட்டதைச் சொல்லுங்கள். முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

அமெச்சூரில் 60 கிலோவில் இரண்டு வருடம் நான் தோற்கவே இல்லை. "இங்கே உனக்கு ஆளே இல்லை, மேலே போ" என்றார்கள். 64-க்குப் போனேன். நாலே கிலோதானே என்று நினைத்தேன்.

முதல் ரவுண்டில் என் ஜாப் (முன்னால் நீட்டிய கையால் நேராக விடும் குத்து) வழக்கம்போல விழுந்தது. ஆனால் அவன் நகரவில்லை. 60-ல் அதே ஜாபுக்கு எதிராளியின் முன்கால் ஓர் அங்குலமாவது பின்னால் போகும். அந்த ஓர் அங்குல இடத்தில்தான் என் ரைட் ஹேண்ட் உள்ளே நுழையும். இவன் கால் நட்ட இடத்தில் நட்டபடி இருந்தது. இரண்டாவது ரவுண்டிலிருந்து கிளிஞ்ச், அதாவது குத்த விடாமல் கட்டிப்பிடிப்பது. முன்கையை என் பிடரியில் போட்டுச் சாய்வான். ரெஃப்ரி பிரித்துவிடுவார், மறுபடியும் வந்து சாய்வான். மூன்றாவது ரவுண்டில் என் கை மார்புக்கு மேலே எழவில்லை. பாயிண்டில் தோற்றேன். முகத்தில் ஒரு கீறல்கூடக் கிடையாது. வீட்டில் யாரும் நான் தோற்றதை நம்பவில்லை.

கார்னர்க்காரன்:

எனக்கு நேர்மாறான கதை. பல வருடம் ரிங்கின் மூலையில், வீரனுக்கு உதவியாக வாளியும் துண்டுமாக நின்றவன் நான். எங்கள் பையன் ஒருவன் 56 கிலோவில் எல்லோரையும் அடித்துக்கொண்டிருந்தான். ஜெயிக்கிறவனை எதற்கு மாற்ற வேண்டும் என்பது கோச்சின் வாதம். அவன் சாதாரண நாளில் 62 இருப்பான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அமெச்சூர் போட்டியில் மோதுகிற அன்று காலையிலேயே எடை பார்ப்பார்கள். முந்தின ராத்திரி வியர்க்கவைக்கும் சானா சூட் போட்டுக்கொண்டு கயிறு தாண்டுவான். வியர்வை நின்றுபோன பிறகு ஒரு பாட்டிலில் எச்சில் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பான், அதுவும் எடைதான் என்று. ஒருநாள் கைக்குத் துணி சுற்றிவிடும்போது "மூடு" என்றேன். விரல்கள் பாதி மடங்கி நின்றுவிட்டன. தசைப்பிடிப்பு. உடம்பில் தண்ணீரே இல்லை. அன்று அரையிறுதியின் மூன்றாவது ரவுண்டில் அவன் கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் 60-க்கு விட்டார்கள். குத்தின் கனம் கூடியது! பயிற்சியில் என் பேட்-மிட்டில் (குத்து வாங்கும் கையுறை) வாங்கின எனக்கே மணிக்கட்டில் தெரிந்தது.

அதனால் யாராவது "அவர் மேலே போகலாமா" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போட்டி இல்லாத நாளில் அவர் எடை என்ன? தொழில்முறையில் முந்தின நாளே எடை பார்த்துவிடுகிறார்கள். 118 என்பது அந்த ஒரு நிமிடத்துக்கான எண். மறுநாள் ரிங்குக்குள் வரும்போது பத்து பவுண்டு கூடியிருப்பது சர்வசாதாரணம். நிறைய வற்றவைத்துக் கீழே நிற்பவன் ஒரு படி ஏறினால் தன் சொந்த உடம்புக்குத் திரும்புகிறான். ஒன்றுமே குறைக்காமல் நிற்பவன் ஏறினால், நீங்கள் 64-ல் பட்ட பாடுதான். நீங்கள் 60-ல் இருந்தபோது எவ்வளவு குறைப்பீர்கள் நண்பரே?

2008-ல் டி லா ஹோயா, பாக்கியாவோவோடு மோதுவதற்காக 147 பவுண்டுக்கு இறங்கி வந்தார். பாக்கியாவோ 135-லிருந்து ஏறி வந்தவர். பெரியவன் சின்னவனைத் தின்றுவிடுவான் என்று ஊரே சொன்னது. எட்டு ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்த டி லா ஹோயா எழுந்து வரவில்லை. இறங்கி வந்த உடம்பு காலியாக இருந்தது.

மார்வின் ரசிகன்:

மார்வின் ஹாக்லர் கடைசிவரை 160 பவுண்டை விட்டு நகரவே இல்லை. பன்னிரண்டு முறை பட்டத்தைக் காப்பாற்றினார். யாராவது குறை சொன்னார்களா? ஆளே இல்லாவிட்டால் இருக்கிற இடத்தில் ராஜாவாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

கார்னர்க்காரன்:

கடைசியில் 1987-ல் அவரைத் தோற்கடித்தவர் யார் தம்பி? கீழ் எடையிலிருந்து ஏறி வந்த லெனார்டு!

மார்வின் ரசிகன்:

அந்தத் தீர்ப்பை நான் இன்றும் ஏற்கவில்லை. அதைப் பற்றிப் பேசினால் இந்த இழை தாங்காது, விடுங்கள்.

சின்ன உடம்புக்காரி:

போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வசதி உங்களுக்கெல்லாம் இருந்திருக்கிறது. எனக்கு இல்லை. நான் 48 கிலோ. ஒலிம்பிக் மாதிரி பெரிய போட்டிகளில் அந்தப் பிரிவே இல்லாத காலம். மேரி கோமுக்கு நடந்ததும் இதுதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 51, 60, 75 என்று மூன்றே பிரிவு. 45-லும் 46-லும் 48-லும் உலகப் பட்டம் வாங்கியவர் 51-ல் போய் நின்று வெண்கலம் வாங்கினார். லவ்லினாவும் அப்படித்தான், டோக்கியோவில் வெண்கலம் வாங்கித் தந்த 69 கிலோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்லை என்றானதும் 75-க்கு ஏறி 2023-ல் உலகப் பட்டம் வாங்கினார்.

எனக்கு ஸ்பாரிங்குக்கு, அதாவது பயிற்சி மோதலுக்கு, கிடைத்ததெல்லாம் 54, 57 கிலோ பெண்கள். முதல் மாதம் தினமும் அழுகை. அவர்கள் ஜாப் என் நெற்றியில் விழும்போது என் ஜாப் அவர்கள் கிளவ்ஸையே தொடாது. பிறகு கோச் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். குத்திய பிறகு அந்தக் கோட்டிலேயே நேராகப் பின்வாங்கினால் பத்து புஷ்-அப். குத்து, இடது பக்கம் ஒரு அடி, அப்புறம்தான் வெளியே. மூன்று மாதம் இதையேதான் செய்தேன். பெரிய உடம்புக்கு நேர்க்கோட்டில் வருவது சுலபம், திரும்புவதற்கு ஒரு நொடி கூடுதலாக வேண்டும். அந்த நொடிதான் எனக்குச் சாப்பாடு போட்டது.

இனோவே 126-க்குப் போனால் நான் முதலில் பார்க்கப்போவது அவர் கையை அல்ல, குத்தி முடித்ததும் அவர் கால் எங்கே போகிறது என்பதைத்தான். நெரி அடித்தபோது அவர் அங்கேயே நின்றிருந்தார்.

டிவி முன்னால் மட்டும்:

நான் கிளவ்ஸ் போட்டதே இல்லை. ஆனால் 2022-ல் கனெலோ 175 பவுண்டுக்கு ஏறி பிவோலோடு மோதியதைப் பார்த்த ராத்திரி மறக்காது. எதிராளியின் புஜத்தையே குத்திக் குத்திக் கையைச் செயலிழக்க வைப்பது கனெலோவின் வித்தை. பிவோலின் புஜம் சிவந்து தடித்தது டிவியிலேயே தெரிந்தது. "அவ்வளவுதான், கை போச்சு" என்று கத்தினேன். அந்தக் கையாலேயே பிவோல் கடைசி ரவுண்டுவரை குத்திக்கொண்டிருந்தார். மூன்று நடுவர்களும் 115-113 என்று பிவோலுக்கே பாயிண்ட் கொடுத்தார்கள்.

அன்று மேலே போகவே கூடாது என்று முடிவு கட்டினேன். 2025 செப்டம்பரில் அதே கனெலோவோடு மோத கிராஃபோர்டு 168-க்கு வந்து, ஜெயித்தும்விட்டார். அதற்கு முந்தின சண்டை 154-ல். இப்போது எனக்கு முடிவு எதுவும் இல்லை.

பழைய அறுபது கிலோ:

கார்னர்க்காரர் அண்ணனுக்குப் பதில்: நான் ஒன்றும் குறைக்கவில்லை. சாதாரண நாளில் 61. யாரும் அப்போது இதைக் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தோற்றதும் 60-க்கே திரும்ப நினைத்தேன். அதற்குள் 64-க்காகச் சேர்த்த சதை ஒட்டிக்கொண்டுவிட்டது. காலையில் தராசு 60.4 காட்டியது. ஓடிவிட்டு வந்தேன், 60.2. கோச் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. ராய் ஜோன்ஸ் 2003 மார்ச்சில் ஹெவிவெயிட் (எல்லாவற்றிலும் மேல் எடை) பட்டம் வாங்கிவிட்டு, அதே வருடம் 175 பவுண்டுக்கு இறங்கி டார்வரைத் திணறித்தான் ஜெயித்தார், அடுத்த மே மாதம் அதே டார்வரிடம் இரண்டாவது ரவுண்டிலேயே விழுந்தார். ஏறுவதைப் பற்றியே பேசுகிறோம், இறங்குவதை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னைத் தோற்கடித்தவனைப் பல வருடம் கழித்து ஒரு போட்டியில் பார்த்தேன், இரண்டு பேரும் பார்வையாளர் வரிசையில். என் ஜாப் உனக்கு ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்டேன். "யார் சொன்னது? ஒரு வாரம் மூக்கைத் தொட முடியலை" என்றான். அப்புறம் ஏன் நகரவில்லை என்றேன். "முதல் கிளிஞ்சில உன் மூச்சு என் காதுல கேட்டுச்சு. ரெண்டாவது ரவுண்டு தொடங்கி முப்பது விநாடிகூட ஆகலை, அதுக்குள்ள அப்படி இரைச்சிட்டிருந்தே. வலியைப் பொறுத்துக்கிட்டு சாய்ஞ்சா போதும்னு தெரிஞ்சுபோச்சு."