பூநகரிக் கரையில் கடலட்டைப் பண்ணை: சங்கம் கடிதம் குடுக்கமுதல் என்ன பாக்க வேணும்?

கிராஞ்சிக்கரை:
வணக்கம். இலங்கையின்ர வடக்கில, எங்கட பூநகரிப் பக்கத்தில 10 ஏக்கர் பரவைக்கடலை (ஆழமில்லாத கடல்) வலையால அடைச்சுக் கடலட்டை (கடலடிச் சேத்தில ஊர்ந்து திரியிற, வெள்ளரிக்காய் மாதிரியான உயிரி) வளர்க்க ஒரு ஏற்றுமதி நிறுவனம் கேக்குது. குஞ்சு, வலை, தடி எல்லாம் தாங்களே தருவினமாம். விளைஞ்சதைத் தங்களுக்கே குடுக்க வேணுமாம். சரக்கு போறது ஹொங்கொங், சீனா, சிங்கப்பூர். இஞ்ச ஒருத்தரும் அதைத் தின்னுறேல்லை. அட்டை கடலைச் சுத்தம்தானே செய்யும், ஒரு கேடும் வராது எண்டு சொல்லுகினம். ஆனால் அந்த இடம் நல்ல கடற்புல் உள்ள, இறாலும் நண்டும் படுற இடம். எங்கட கடற்றொழிலாளர் சங்கம் சம்மதக் கடிதம் குடுக்கமுதல் எதையெதைப் பாக்க வேணும்?

சேற்றுநிலம்:
அவை சொல்லுறதில பாதி உண்மை. பண்ணையில வளர்க்கிற வெள்ளை அட்டை சேற்றைத் தின்று, அதில உள்ள அழுகலையும் பாசியையும் செரிச்சு, மண்ணைப் புரட்டி விடும். அளவா நிண்டால் புல்லுக்கும் நல்லது. கேடு எண்ணிக்கையால வருது. தீன் போடாத வளர்ப்பு எண்டபடியால் அந்தச் சேறு தாங்கிறதுதான் எல்லை: சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 200 முதல் 300 கிராம் உயிர்நிறை. அதுக்கு மேல அட்டை வளராது.

ஒரு ஏக்கர் 4,047 சதுர மீற்றர். 200 கிராம் வீதம் பாத்தால் 800 கிலோ. 400 கிராம் அட்டையா எடுக்க வேணுமெண்டால் கடைசியில நிக்கக்கூடியது 2,000தான். பாதி தப்பும் எண்டு வைச்சால் விடவேண்டிய குஞ்சு 4,000. அதே ஏக்கரில 8,000 விட்டால் அட்டை 200 கிராமோட நிண்டுபோகும். அப்ப ஒண்டில் சின்னனிலேயே அள்ளுவினம், இல்லாட்டி அடைப்பைப் பெருப்பிக்கக் கேப்பினம். 10 ஏக்கர் 20 ஏக்கர் ஆகிறது இப்பிடித்தான்.

குஞ்சு எங்கயிருந்து வருது எண்டதையும் கேளுங்கோ. பொரிப்பகத்தில பொரிக்க வைச்ச குஞ்சு போதாமல் போனால் சுழியோடிகளிட்ட, கடலில பிடிச்ச சின்ன அட்டையை வாங்கி விடுவினம். ஒருக்காலும் இனம் பெருக்காத அட்டை அள்ளுப்பட்டுப் போகும், வெளிக்கடல் வெறுமையாகும். அளவுக்கு மிஞ்சிப் பிடிச்சதாலதான் இந்தியா 2001இல கடலட்டை பிடிக்கிறதையே தடை செய்தது.

வாடைக்காற்று:
புல் உள்ள இடத்துக்கு நான் சம்மதிக்கவே மாட்டன். வலையின்ர அடியை 15, 20 சென்ரிமீற்றர் சேத்துக்குள்ள புதைக்க வேணும், இல்லாட்டி அட்டை அடியால ஊர்ந்து போயிடும். அப்பிடிக் கிண்டேக்க புல்லின்ர வேர்த்தண்டு அறும். பிறகு வலைக்கண்ணைப் பாசியும் கொட்டலசும் (ஒட்டிக்கொண்டு வளர்ற ஓட்டுயிர்) அடைக்கும். நீரோட்டம் குறையும், வண்டல் புல்லில படியும், வெளிச்சம் படாமல் புல் சாகும். ஒரா மீன்குஞ்சும் இறால்குஞ்சும் ஒதுங்கிற இடம் அதோட போச்சு. கிழமைக்கொருக்கா வலையைத் தேய்ச்சுக் கழுவ ஆள் வைப்பினமோ எண்டு கேளுங்கோ.

தடி நடமுதல் புல்லை அளந்து வையுங்கோ. 50 மீற்றர் கயிறு கட்டி, 5 மீற்றருக்கொருக்கா அரை மீற்றர் சதுரச் சட்டம் வைச்சால் 11 இடம் வரும். ஒவ்வொரு சட்டத்துக்குள்ளயும் எத்தனை வீதம் புல் எண்டு எழுதி, போனில படம் எடுங்கோ. அடைப்புக்கு வெளியிலயும் ஒரு கயிறு வேணும், ஒப்பிட. ஆறு மாசத்துக்கொருக்காத் திரும்ப அளக்கலாம். இந்த ஆதாரம் இல்லாமல் பிறகு எங்க முறையிட்டும் பயனில்லை.

ஆத்துவாய்க்குக் கிட்டப் போடவே விடாதேங்கோ. மாரியில தண்ணியின்ர உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கில இருந்து 20க்குக் கீழ இறங்கினால் அட்டை குடலைக் கக்கி, தோல் கரைஞ்சு சாகும். அடைப்புக்குள்ள தப்பி ஓட வழியில்லை. செத்தது அழுகேக்க தண்ணியில ஒட்சிசனும் இறங்கும்.

கிராஞ்சிக்கரை:
நல்ல விளக்கம், ரெண்டு பேருக்கும் நன்றி. அட்டையை அவிச்சுக் காயவைக்கிற கொட்டிலையும் கரையிலதான் போடுவினமாம். அதில என்ன கவனிக்க வேணும்?

உப்பளம்:
400 கிராம் அட்டை காய்ஞ்சால் 20 கிராம் அளவுதான் வரும். ஒரு கிலோ காய்ஞ்ச சரக்குக்கு 50 அட்டை. வெளிநாட்டுக்காரன் காசு குடுக்கிறது அந்த ஒரு கிலோவுக்குத்தான். குடலும் அவிச்ச தண்ணியும் எரிச்ச விறகும் எங்கட கணக்கில. கழிவைக் கரையில ஊத்தவிட்டால் புழுக்கும். கிணத்துக்கும் கடற்பெருக்குக்கும் தூரமாக் குழி வேணும். விறகுக்கோ தடிக்கோ கண்டல் மரம் வெட்டக்கூடாது எண்டும் எழுதுங்கோ.

ஒப்பந்தத்தில ஏக்கருக்கு எத்தனை குஞ்சு எண்ட உச்ச எண்ணிக்கை, ஒவ்வொரு தொகுதிக்கும் பொரிப்பகப் பற்றுச்சீட்டு, அடைப்புகளுக்கிடையில படகும் நீரோட்டமும் போக 50 மீற்றர் வழி, இவ்வளவும் இருக்க வேணும். எல்லாத்திலயும் முக்கியம் வைப்புப்பணம்: நிறுவனம் விட்டுட்டுப் போனால் வலையையும் தடியையும் இழுத்து எடுக்கிற செலவை முதலே சங்கத்தின்ர கணக்கில போட வேணும். கைவிட்ட நைலோன் வலை நண்டையும் மீனையும் கொன்றுகொண்டே கிடக்கும்.

குஞ்சைக் குறைச்சால் நட்டம் எண்டு சொன்னால் விலைப்பட்டியலைக் காட்டச் சொல்லுங்கோ. பெரிய அட்டைக்குக் கிலோ விலை கூட, சின்னனுக்குக் குறைவு. நெக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) அனுமதிப்பத்திரத்தின்ர பிரதியையும், இடத்தின்ர எல்லை போட்ட வரைபடத்தையும் கையில வாங்காமல் கடிதத்தில ஒப்பம் வைக்காதேங்கோ.