நன்கொடை நின்ற பிறகு திட்டத்தை எப்படி ஓட்டுகிறீர்கள்?

வணக்கம். நன்கொடையில் நடக்கும் ஒரு விவசாயத் திட்டத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். சொட்டுநீர், சோலார் பம்பு, பொது விதைக் கிடங்கு எல்லாம் 3 வருடத்தில் வந்துவிட்டன, அடுத்த அறுவடையோடு பணம் நிற்கிறது, அப்புறம் இதையெல்லாம் யார் ஓட்டுவது என்பதுதான் கவலை.

டீசல் செலவு இல்லாததால் சோலார் என்றாலே இலவசம் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். பேனல் 20 வருடம்கூட உழைக்கும், சரி, மோட்டாரும் கன்ட்ரோலரும் அவ்வளவு நாள் தாங்காதே. சொட்டுநீர் ஃபில்டரைக் கழுவாமல் விட்டால் குழாயில் தண்ணீர் சொட்டும் துளைகள் அடைத்துக்கொள்ளும், கழுவுவது யார் முறை என்று இப்போதே சண்டை. (அறிக்கையில் மட்டும் ‘சமூகப் பங்கேற்பு சிறப்பு’ என்று இருக்கிறது, எழுதியதும் நான்தான்.)

தண்ணீர்க் கட்டணம் வாங்கிப் பழுதுநிதி சேர்க்கலாம் என்று பேசினோம். மாதாமாதம் கேட்டால் கையில் காசில்லை என்கிறார்கள், அறுவடை முடிந்ததும் தானியமாகவே வாங்கிவிடலாமா? 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் நேபாளத்துப் பாசன அமைப்புகளை ஆராய்ந்தபோது, விவசாயிகளே விதி வகுத்து நடத்தியவை அரசு நடத்தியவற்றைவிடப் பெரும்பாலும் நன்றாக ஓடுவதைக் கண்டார். எங்கள் விதிகளை நாங்களே அலுவலகத்தில் டைப் அடித்துக் கொடுத்தோம், அங்கேதான் கோளாறு என்று படுகிறது.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். கட்டணம் கட்டாதவருக்குத் தண்ணீரை நிறுத்தினீர்களா, அவர் தலைவரின் சொந்தக்காரராக இருந்தாலும்? கணக்கு யார் கையில், பம்பு யார் பெயரில்? விதிமுறை நகல் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள்.