உதவி: சேப்டி ஆடிட் கடிதம் வந்திருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது?

இரட்டைச்சில்லு:
அவசரம். எங்கள் லொறிக் கொம்பனிக்கு சேப்டி ஆடிட் (பாதுகாப்புத் தணிக்கை) என்று கடிதம் வந்திருக்கிறது. ஒரு பட்டியல் தந்து எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றச் சொல்கிறார்கள். கொம்பனி சின்னது. பேப்பர் பாதி வண்டிக்குள், பாதி வீட்டில். இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் சரி. செய்தவர்கள் யாராவது இருந்தால் எதை முதலில் பார்ப்பது என்று சொல்லுங்கள்.

மேப்பிள்ரோட்:
எந்த ஆடிட் தம்பி? ஒன்டாரியோவின் சிவிஓஆர் (வணிக வண்டி இயக்குநர் பதிவு) ஆடிட்டா, அமெரிக்காவில் புதுக் கொம்பனிகளுக்கு வைப்பதா? இரண்டுக்கும் வேறு வேறு பேப்பர்.

டீசல்தம்பி:
எத்தனை வண்டி, எத்தனை சாரதி, எல்லை கடக்கிறீர்களா? இது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளை:
எதுவானாலும் முதலில் இஃப்டா எரிபொருள் கணக்கைச் சரி செய்யுங்கள். எனக்குத் தெரிந்த எல்லாரும் அதில்தான் மாட்டினார்கள்.

ஹூஸ்டன்லாரி:
கணக்குப்பிள்ளை சார், அது வரிக் கணக்கு. சேப்டி ஆடிட்டில் அதைக் கேட்க மாட்டார்கள். நண்பரே, கடிதத்தில் பணம் ஏதாவது கேட்டிருக்கிறார்களா? டாட் நம்பர் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண்) எடுத்தவுடனே நம் விவரம் பொதுவில் வந்துவிடும், அதைப் பார்த்துப் போலி மெயில் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அரசு செய்யும் ஆடிட்டுக்குக் கட்டணமே கிடையாது. மெயில் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு அப்புறம் லிங்கைத் தொடுங்கள்.

இரட்டைச்சில்லு:
அமெரிக்காதான். காசு கேட்கவில்லை. 2 வண்டி, நானும் மச்சானும். மிசிசாகாவிலிருந்து ஒஹாயோ, பென்சில்வேனியா. முதலில் எதை எடுக்கட்டும்?

பழையகியர்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நாலு பேர் நேரம் மிச்சம். இதே கேள்விக்கு நான் பழைய இழைகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை. சரி.

இது புதுக் கொம்பனிகளுக்கு எஃப்எம்சிஎஸ்ஏ (லொறிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) வைக்கும் ஆடிட். 18 மாதம் கண்காணிப்பில் இருப்பீர்கள். அதில் முதல் 12 மாதத்துக்குள் இது வரும். 16 குற்றங்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒன்றே ஒன்று இருந்தாலும் தோல்வி, மற்றதெல்லாம் தங்கமாக இருந்தாலும் சரி. அந்தப் பதினாறில் நம்மவர்கள் விழுவது ஒரே இடத்தில்: போதைப்பொருள், மதுப் பரிசோதனைத் திட்டம். கனடாவுக்குள் ஓடும்போது சட்டம் இதைக் கேட்பதில்லை, அதனால் ஒருவருக்கும் நினைப்பு வராது. எல்லை தாண்டி ஓடினால் கட்டாயம். நீங்கள் எந்தக் கொன்சோட்டியத்தில் சேர்ந்திருக்கிறீர்கள்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைக் கேளுங்கள்.

இரட்டைச்சில்லு:
நான் ஒரு டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். மச்சான் எடுக்கவில்லை. கொன்சோட்டியம் என்றால்?

பழையகியர்:
அதுதானே பார்த்தேன்.

மேப்பிள்ரோட்:
அவரை விடுங்கள், நான் சொல்கிறேன். எழுமாற்றாகப் பெயர் எடுத்துச் சாரதிகளை டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும். முதலாளியே சாரதியாக இருந்தால் தன் பெயரைத் தானே குலுக்கி எடுக்க முடியாது. அதனால் பல கொம்பனிகளின் சாரதிகளை ஒரே பட்டியலில் வைத்துப் பெயர் எடுத்துத் தருபவர்களிடம் சேருகிறோம். வருடத்துக்கு, பட்டியலில் உள்ள சாரதிகளின் எண்ணிக்கையில் 50 வீதம் போதைப்பொருளுக்கு, 10 வீதம் மதுவுக்கு. இன்றைக்கே சேருங்கள், சேர்ந்ததற்கான கடிதம் வாங்குங்கள். மச்சானுக்கு ரிசல்ட் கைக்கு வரும்வரை அவர் ஒன்டாரியோவுக்குள் மட்டும் ஓடட்டும். கிளியரிங்ஹவுஸ் (சாரதிகளின் போதை, மதுப் பரிசோதனை மீறல்களைப் பதியும் அமெரிக்க அரசுத் தளம்) தளத்திலும் கொம்பனியைப் பதிந்து அவர் பெயரைத் தேடிப் பார்த்த பதிவு வேண்டும். 2020 ஜனவரியிலிருந்து அது கட்டாயம், கனடாக் கொம்பனிக்கும்தான்.

டீசல்தம்பி:
எனக்குத் தெரிந்த ஒருவர் பின்திகதி போட்டுக் கடிதம் வாங்கித் தருவார். வேண்டுமானால் தனிச்செய்தி போடுங்கள்.

ஹூஸ்டன்லாரி:
தம்பி, தயவுசெய்து அந்த வேலை வேண்டாம். சேர்ந்த தேதி கொன்சோர்டியத்தின் கணினியில் இருக்கும், மாதிரி எடுத்த தேதி லேப் படிவத்தில் இருக்கும். தாமதமாகச் சேர்ந்தால் ஒரு குறையாக எழுதுவார்கள், திருத்திக்கொள்ளலாம். பொய்ப் பேப்பர் கொடுத்தால் அது தனி வழக்கு, அபராதமும் தனி.

கணக்குப்பிள்ளை:
சாரதி வருடா வருடம் தன் போக்குவரத்துக் குற்றப் பட்டியலை எழுதிக் கையொப்பமிடும் படிவத்தையும் மறக்க வேண்டாம். எங்கள் கோப்பில் அதுதான் முதல் பக்கம்.

பழையகியர்:
அந்தப் படிவத்தை 2022 மே மாதத்தோடு எடுத்துவிட்டார்கள். இப்போது வருடத்துக்கு ஒரு தடவை சாரதியின் அப்ஸ்ட்ரக்ட் (அரசு தரும் ஓட்டுநர் பதிவு) எடுத்து, பார்த்தேன் என்று குறிப்பு வைத்தால் போதும். விதியைப் படித்துவிட்டு ஆலோசனை சொல்வது நல்லது.

மேப்பிள்ரோட்:
இரட்டைச்சில்லு, அடுத்தது லொக் (சாரதியின் ஓட்டும் நேரம், ஓய்வு நேரப் பதிவு). 6 மாதத்து லொக்கை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு டீசல் ரசீதுகளோடு ஒவ்வொரு நாளாக ஒப்பிடுங்கள். ஆடிட்டரும் அதைத்தான் செய்வார். எங்களுடைய ஆடிட்டில் நடந்ததைச் சொல்கிறேன்: லொக்கில் அதிகாலை 3 மணிக்கு பஃபலோவில் சாரதி படுக்கையில். ரசீதில் அதே 3 மணிக்கு, 90 மைல் தள்ளி, பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தில் டீசல் அடித்திருக்கிறது. ஆடிட்டர் அந்த ரசீதை மட்டும் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு பார்த்தால் இன்னொரு வண்டி அந்தக் கார்டில் அடித்தது. விளக்கம் சொல்ல அரை நாள் போய்விட்டது. முதலே பார்த்து ரசீதில் வண்டி இலக்கத்தை எழுதி வைத்திருந்தால் அந்தத் தலையிடி இல்லை.

அதோடு கனடாவில் 13 மணித்தியாலம் ஓட்டலாம், அமெரிக்காவில் 11தான். ஒன்டாரியோவில் 12 மணித்தியாலம் ஓட்டிவிட்டு ஓய்வெடுக்காமல் எல்லைப் பாலம் ஏறித் தொடர்ந்து ஓட்டினால் அங்கே மீறல்.

டீசல்தம்பி:
பெர்சனல் கொன்வேயன்ஸில் (வண்டியைச் சொந்தத் தேவைக்கு ஓட்டுவதாகக் குறிக்கும் மோடில்) போட்டால் அந்த நேரம் கணக்கில் வராதே? 75 கிலோமீட்டர் வரை பிரச்சினை இல்லை.

ஹூஸ்டன்லாரி:
75 கிலோமீட்டர் எல்லாம் கிடையாது. இங்கே தூர வரம்பே இல்லை.

டீசல்தம்பி:
வரம்பு இல்லாமல் எப்படி? என் ஈஎல்டியே (லொக்கைத் தானாகப் பதியும் கருவி) 75 ஆனதும் தானாக மாறுகிறது. நான் பொய் சொல்கிறேனா?

பழையகியர்:
இருவரும் அவரவர் நாட்டுச் சட்டத்தை மற்றவர் மேல் போடுகிறீர்கள். 75 கனடாவின் நாள் வரம்பு. அமெரிக்காவில் தூர வரம்பு இல்லை, ஆனால் கொம்பனி வேலைக்காக நகர்ந்தால் அது பெர்சனல் இல்லை. லோடு ஏற்றும் இடத்தை நெருங்குவதற்காக அந்த மோடில் ஓட்டினால் பொய் லொக்.

ஹூஸ்டன்லாரி:
நான் சொன்னதும் அதேதான். அமெரிக்க ஆடிட் பற்றிய இழையில் கனடா வரம்பை எதற்குக் கொண்டுவர வேண்டும்?

டீசல்தம்பி:
அவர் இருப்பது மிசிசாகாவில் அண்ணா, ஹூஸ்டனில் இல்லை.

மேப்பிள்ரோட்:
இதற்கு வேறு இழை திறவுங்கள். இரட்டைச்சில்லு, மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வண்டிக்கும் இழுவைப் பெட்டிக்கும் வருடாந்தப் பரிசோதனை அறிக்கை (ஒன்டாரியோ அறிக்கையை ஏற்றுக்கொள்வார்கள்), பழுதுபார்த்த பில்கள், விபத்துப் பதிவேடு. விபத்து நடக்கவில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதிய ஒரு தாள் வேண்டும். இன்சூரன்ஸில் தொகையை மட்டும் பார்க்காமல் எம்சிஎஸ் 90 படிவம் (விபத்தில் மற்றவர்களுக்கான இழப்பீட்டுக்கு உறுதி தரும் இணைப்பு) இருக்கிறதா என்று புரோக்கரிடம் கேளுங்கள். பொதுச் சரக்குக்குக் குறைந்தது 7,50,000 அமெரிக்க டொலர். மச்சான் சொந்தக்காரர்தானே என்று விண்ணப்பப் படிவம் இல்லாமல் விடாதீர்கள், அவருக்கும் முழுக் கோப்பு வேண்டும்.

இரட்டைச்சில்லு:
எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன், ஆடிட் பாஸ் ஆகிவிட்டது. மச்சானின் டெஸ்ட் திகதியைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். எல்லோருக்கும் நன்றி. இப்போது ஈரி தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறேன், பிறகு எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
எந்தக் கொன்சோட்டியம், எவ்வளவு எடுத்தார்கள் என்றும் எழுதுங்கள்.

வெண்பனி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பெயில் ஆனால் உடனே வண்டியை நிறுத்தச் சொல்வார்களா?

பழையகியர்:
இல்லை. சரக்கு வண்டிக்கு 60 நாள் தருவார்கள், பயணிகள் வண்டிக்கும் ஆபத்தான சரக்குக்கும் 45. அதற்குள் திருத்த நடவடிக்கைத் திட்டம் எழுதிக் கொடுத்து, அவர்கள் ஏற்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவை ரத்துச் செய்வார்கள். உங்கள் கதை வேறு என்றால் வண்டி எண்ணிக்கை, நாடு, சரக்கு எல்லாம் போட்டுப் புது இழை தொடங்குங்கள்.